தனியாகப் படகில் போகிறவருக்கு: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

பத்திலிருந்து பன்னிரண்டு அடி நீளம், ஒரே ஆள் இழுத்துப் புரட்டி வண்டி மேல் ஏற்றிவிடக்கூடிய எடை. தனியாகத் தூண்டில் போடப் போகிற அந்த மாதிரிப் படகுக்குத்தான் இது. அடி தட்டையான அலுமினியப் படகாகவும் இருக்கலாம், காற்றடிக்கிற படகாகவும் இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு பேரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, முன்னே ஒருவர், பின்னே ஒருவர். நாம் ஒற்றை ஆளாகப் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்த உடனே அந்தக் கணக்கு குலைந்துபோகிறது. தனியாகப் போகிறவர்கள் புலம்புகிற பல கோளாறுகளுக்கு மோட்டாரும் பேட்டரியும் காரணமே இல்லை, எதை எங்கே வைத்தோம் என்பதுதான் காரணம். அதனால் புதுச் சாமான் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற சாமானை இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. சோதனை எல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

காலடியில் தண்ணீர் சேர்கிறது

அவசரமானது என்பதால் இது முதலில். ஏறின ஐந்து நிமிடத்துக்குள் கணுக்கால் நனைந்தால் ஓட்டை எங்கே என்று தேடாதீர்கள், பின்பலகையின் அடியில் இருக்கிற வடிகால் தக்கையைப் பாருங்கள். போன தடவை தண்ணீர் வடியட்டும் என்று கழற்றியிருப்பீர்கள், அது இப்போது வண்டிக்குள் எங்கேயோ உருண்டுகொண்டிருக்கும். நானே இரண்டு தடவை இதைச் செய்திருக்கிறேன், அதிலும் இரண்டாவது தடவை, முதல் தடவைக் கதையை நண்பரிடம் சொல்லிச் சிரித்த மறு வாரம். இப்போது தக்கையை ஒரு கயிற்றில் கோத்துப் பின்பலகையிலேயே கட்டிவிட்டேன், ஸ்பேனர் பையில் இன்னொன்று கிடக்கிறது. நல்ல வேகத்தில் போகும்போது தக்கையைத் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய மோட்டார் போட்டு ஓடுகிற படகுக்கு. நம் மின்மோட்டார் வேகத்தில் திறந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும்.

தக்கை சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று குவளை சேர்கிறது என்றால் அலுமினியப் படகில் ரிவெட்டைச் சந்தேகப்படுங்கள். படகைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கசிவு தேடுவது வீண் வேலை, தலைகீழாகச் செய்யுங்கள். கரையில் கட்டைகள் மேல் படகை வைத்து, அடிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். கசிகிற ரிவெட் கொஞ்ச நேரத்தில் வியர்வை மாதிரி ஒரு முத்துக் கட்டி நிற்கும், மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். ஊற்றுவதில் மட்டும் அளவு வேண்டும்: 3 மீட்டருக்கு 1 மீட்டர் அடியில் 7 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 210 கிலோ. கட்டைகள் குறுக்குச் சட்டங்களுக்கு நேராக இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும்.

லேசாகத் தளர்ந்த ரிவெட்டை இறுக்கிவிடலாம். வெளித்தலைமேல் கனமான இரும்புக் கட்டியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருந்து இன்னொருவர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்ட வேண்டும். இதற்கு மட்டும் துணைக்கு ஆள் வேண்டும். அதற்கும் அடங்காத ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, முனை மூடிய ரிவெட்டைப் படகுக்கான பாலியூரித்தேன் பசையோடு போடுங்கள். குளியலறை சிலிக்கோனைக் கொண்டுவந்து பூசாதீர்கள். அது உரிந்து வந்த பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது.

இதோடு ஒன்று. அலுமினியப் படகின் அடியில் செம்பு கிடக்கக் கூடாது. வெட்டிப்போட்ட வயர்த் துண்டு, பித்தளைத் திருகு, பாக்கெட்டிலிருந்து விழுந்த நாணயம், எதுவானாலும் ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அந்த இடத்தைத் தின்றுவிடும், உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரப்பலகையைத் தளமாகப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

மூக்கு மேலே தூக்கி நிற்கிறது, காற்றடித்தால் படகு சொன்னபடி கேட்பதில்லை

நேராகப் போக நினைத்தால் மூக்கு பக்கவாட்டில் ஓடுகிறது, ஒவ்வொரு பத்து நொடிக்கும் திருத்த வேண்டியிருக்கிறது, கையும் பேட்டரியும் சேர்ந்து ஓய்கின்றன. பலர் இதற்கு இன்னும் பெரிய மோட்டார் வாங்குகிறார்கள். வேண்டாம். ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள்: ஆள் 75 கிலோ, 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி ஒன்று 27, 28 கிலோ, மோட்டார் ஒரு 9 கிலோ. நூற்றுப்பத்துக் கிலோவும் படகின் கடைசி ஒரு மீட்டரில் குந்தியிருக்கிறது. படகே ஐம்பது கிலோதான் இருக்கும். தண்ணீரை விட்டு எழும்பின மூக்கு காற்றுக்குப் பாய் மாதிரி.

படகு எப்படி மிதக்கிறது என்று உள்ளே உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வழக்கமாக உட்காருகிற இடத்தில் எல்லாச் சாமானோடும் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரைப் படகின் நடுவில் ஊற்றுங்கள். அது பின்பக்கம் பாய்ந்தோடி உங்கள் குதிகாலைச் சுற்றிக் குளம் கட்டினால் பின்பாரம் அதிகம். மெதுவாக, சோம்பேறித்தனமாகப் பின்னே நகர்ந்தால் சரி. முன்னே ஓடினால் ஆபத்து. மூக்கு அமுங்கின படகு அலையில் குத்தும், பின்பக்கம் அலையும், திருப்பவும் முடியாது. ஒரு பக்கமாக ஓரத்தில் தேங்கினால், வலது கைக்காரர் எல்லாரும் செய்கிற மாதிரி தூண்டில் பெட்டி, இரை டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வலது பக்கமே அடுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தீர்வில் முதல் படி பேட்டரியை முன்னே கொண்டுபோவது. இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். இரண்டாவது, நீங்களே முன்னே வருவது, அதாவது நடுப்பலகையில் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடிக்கு ஒரு நீட்டம் போடுவது. கைப்பிடிமேல் இறுக்கமாக நுழைகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அரை மீட்டருக்கு வெட்டி, நுழைகிற முனையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, மேலே ஹோஸ் கிளிப்பால் இறுக்கினால் போதும். வேகத்தைத் திருகுகிற வகைக் கைப்பிடி என்றால் குழாயைத் திருகினாலே வேகமும் மாறும். மூன்றாவது, இதற்குப் பிறகும் மூக்கு தூக்கியே நின்றால், காலி இருபது லிட்டர் கேன் ஒன்றை முன்னே கட்டி, படகை இறக்கின பிறகு அந்தத் தண்ணீரையே மொண்டு நிரப்புங்கள். திரும்பும்போது கொட்டிவிடலாம், தூக்க வேண்டியதில்லை. மணல் மூட்டையை விட இது நல்லது. படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டாலும் தண்ணீர்க் கேன் படகைக் கீழே இழுக்காது, மணல் இழுக்கும்.

பேட்டரியை முன்னே கொண்டுபோகிறவர்கள் வயரில் கஞ்சத்தனம் பார்த்துவிடுகிறார்கள். 3 மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் போய்த் திரும்ப 6 மீட்டர். 40 ஆம்பியர் இழுக்கிற மோட்டாருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் காணாமல் போகும், 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். பிரேக்கரோ ஃப்யூஸோ பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மோட்டார்ப் பக்கம் இருந்தால் நடுவில் வயர் நசுங்கித் தீப்பிடிக்கும்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அப்புறம் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். கட்டாத பேட்டரி, படகு சாய்கிற நேரம் பார்த்துச் சாய்கிற பக்கமே நழுவும்.

மோட்டார் மந்தம், பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

மல்டிமீட்டர் இல்லாமல் இந்தப் பிரச்சினைக்குள் இறங்காதீர்கள். மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனையில் ஒரு தடவை, மோட்டாருக்குள் வயர் நுழைகிற இடத்தில் ஒரு தடவை அளக்க வேண்டும். ஓடவிடாமல் அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பேட்டரியில் 12.2 இருக்கிறது, மோட்டாரில் 11 தான் வருகிறது என்றால் பேட்டரி நிரபராதி, நடுவில் எங்கேயோ ஒரு இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் திருடன். எனக்கு அது பேட்டரி முனையில் இருந்த சிறகு நட்டு. கையால் இறுக்குகிற நட்டு மோட்டார் அதிர்வில் அரைச் சுற்றுத் தளர்ந்திருக்கிறது, லக்கின், அதாவது வயர் முனையில் இருக்கிற உலோக வளையத்தின், அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் ஒரு பேட்டரியையே மாற்றிவிட்டேன். இப்போது அங்கே நைலான் பிடிப்புள்ள நட்டு, ஸ்பேனரால் இறுக்கினது.

பேட்டரியிலேயே வோல்டேஜ் விழுந்தால் அதுதான் குற்றவாளி. முழு சார்ஜில், ஓய்வில் இருக்கிற ஈய அமில பேட்டரி 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பதில் உங்களுடையது 50 தான். 40 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று கணக்கு வரும். ஆனால் வேகமாக இழுக்க இழுக்க ஈய பேட்டரி கொடுக்கிற மொத்தமும் குறையும், அதனால் ஒரு மணி நேரமே சந்தேகம். காரை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு நொடி பலமாகக் கொடுப்பதற்குச் செய்தது அது, மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுத்தால் கொஞ்ச நாளிலேயே செத்துப்போகும். ஓட்டிவிட்டு வந்த ஈய பேட்டரியை அன்றைக்கே சார்ஜில் போடுவதும் முக்கியம், காலியாகக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும், 100 ஆம்பியர் மணி பதினொன்று, பன்னிரண்டு கிலோதான். தனி ஆளுக்கு அதுவே பெரிய லாபம். ஆனால் அதில் வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே அளவில் நின்றுவிட்டு, உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சுற்று சட்டென்று வெட்டிவிடும். எச்சரிக்கையே கிடையாது. ஆம்பியரை எண்ணிக் கழிக்கிற மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துடுப்பு போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சார்ஜரும் அந்த வகைக்கானதாக இருக்க வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் தீர்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரில் வேகம் கொஞ்சம் கூட, தேவைப்படுகிற சக்தி பல மடங்கு ஏறும். முழுத் திருகலிலிருந்து முக்காலுக்கு வந்தால் போய்ச் சேர ஐந்து நிமிடம் அதிகமாகும், பேட்டரி மத்தியானம்வரை நிற்கும். இது படி இல்லாமல் சீராக வேகத்தை மாற்றுகிற மோட்டாருக்குத்தான் முழுதாகப் பொருந்தும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படி வைத்த பழைய வகை மோட்டார்கள் குறைந்த படியில் கொஞ்சம் சக்தியைச் சூடாகவே வீணடிக்கும்.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, படகு நகரவில்லை

மோட்டாரைத் தூக்கி, பிரேக்கரை அணைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு சுற்றாமல் ப்ரொப்பெல்லர் மட்டும் தனியாகச் சுற்றினால் உள்ளே இருக்கிற ஊசி முறிந்திருக்கிறது. பாறையிலோ கட்டையிலோ இடித்தபோது மோட்டாரைக் காப்பாற்ற அது தன்னைப் பலி கொடுத்திருக்கிறது, அதன் வேலையே அதுதான். இரண்டு உபரி ஊசி, ஒரு உபரி நட்டு, அதற்குச் சரியான ஸ்பேனர், இவை படகிலேயே இருக்க வேண்டும். ஊசிக்குப் பதில் ஆணியை வெட்டிப் போட்டால் வீடுவரை வந்துவிடலாம், ஆனால் அப்படியே விட்டுவிட்டால் அடுத்த இடியில் ஆணி முறியாது, தண்டு வளையும்.

ஊசி நன்றாக இருந்தால் பாசி. கொத்தாகச் சுற்றினதை எடுத்துவிட்டாலும், ப்ரொப்பெல்லரைக் கழற்றி அதன் பின்னே பாருங்கள். அங்கேதான் தூண்டில் நரம்பு ஒளிந்திருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற அது சூடாகி ரப்பர் சீலுக்குள் அறுத்துக்கொண்டு போகும், பிறகு மோட்டாருக்குள் தண்ணீர். நான் நாலு பயணத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கிறேன், எடுத்த நரம்பில் பாதி என்னுடையதே இல்லை.

ஊசியும் இருக்கிறது, பாசியும் இல்லை, சத்தம் மட்டும் சீறுகிறது, பின்னால் நுரை வருகிறது என்றால் ப்ரொப்பெல்லர் மேலே இருந்து காற்றை இழுக்கிறது. தண்டை இன்னும் கீழே இறக்குங்கள், சுற்றுகிற தகட்டின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழேயாவது இருக்கட்டும். மூக்கை அமுக்க எல்லாவற்றையும் முன்னே தள்ளினவர்கள் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் எழும்பினால் மோட்டாரும் சேர்ந்து எழும்பும்.

பெட்ரோல் மோட்டார்: கிளம்புகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

டாங்க் மூடியின் மேலே இருக்கிற காற்றுத் திருகைத் திறந்தீர்களா? மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் ஏறி எரிபொருள் நின்றுபோகும், திறந்த உடனே உஸ் என்று காற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். கிளம்பவே இல்லை என்றால் அணைப்பு விசையின் சிவப்புக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் என்றால் அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றிய பிறகு மற்றதை யோசிக்கலாம். குளிர்விக்கிற தண்ணீர் பக்கவாட்டுத் துளையில் பீய்ச்சவில்லை என்றால் உடனே அணையுங்கள், தடித்த நரம்புத் துண்டை அந்தத் துளைக்குள் விட்டுக் குத்துங்கள். அப்படியும் வராவிட்டால் உள்ளே பம்பின் ரப்பர் சிறகு போயிருக்கும், அது கரை வேலை.

காற்றடிக்கிற படகு தண்ணீரில் இறக்கினதும் தொய்கிறது

எல்லாத் தொய்வும் ஓட்டை அல்ல. வெயிலில் 35 பாகையில் பக்கக் குழாயை 3 பிஎஸ்ஐக்கு அடித்து, 20 பாகைத் தண்ணீரில் இறக்கினால், ஒரு மூச்சுக் காற்றுகூட வெளியேறாமலே அழுத்தம் 2 பிஎஸ்ஐ சொச்சத்துக்கு வந்துவிடும். குழாய் தண்ணீரில் பாதிதான் தோய்கிறது என்பதால் நிஜத்தில் இவ்வளவு இறங்காது, ஆனால் விரலால் அமுக்கினால் தெரிகிற அளவுக்கு இறங்கும். இறக்கிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு மேலே கொஞ்சம் அடியுங்கள். இதன் மறுபக்கம்தான் ஆபத்து: அப்படி இறுக்கி அடித்ததை மதியம் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், வெயிலில் காற்று விரிந்து தையல் பிரிந்துவிடும். கரையேற்றின உடனே ஒவ்வொரு அறையிலிருந்தும் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள்.

மறுபடி அடித்தும் தொய்ந்தால் வால்விலிருந்து தொடங்குங்கள். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும், பாதி நேரம் அங்கே ஒரு மணல் துகள்தான் சிக்கியிருக்கும். பிறகு தையல், பிறகு பின்பலகை ஒட்டியிருக்கிற ஓரம், கடைசியாகத்தான் அடிப்புறத் துணி. ஒட்டும்போது பிவிசிக்கான இரண்டு பாகப் பசை, துடைத்துச் சுத்தம் செய்த மேற்பரப்பு, ஒரு நாள் காத்திருக்கிற பொறுமை, மூன்றும் வேண்டும். ஒட்டின அன்றைக்கே அடித்துப் பார்த்தால் மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

நங்கூரம் நிற்பதில்லை, அல்லது திரும்பி வருவதில்லை

நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கயிறு குட்டை. 4 மீட்டர் ஆழத்தில் 6 மீட்டர் கயிறு விட்டால் நங்கூரத்தை மேல்நோக்கித்தான் இழுக்கிறீர்கள், அது எப்படிக் கொத்தும்? ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, காற்றிருந்தால் ஏழு மடங்கு விடுங்கள், நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒன்றரை இரண்டு மீட்டர் சங்கிலி போடுங்கள். சங்கிலியின் எடைதான் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது. காளான் வடிவ நங்கூரம் சேற்றில் மட்டும் நிற்கும், மணலில் உழுதுகொண்டே வரும். பாறையிலும் வேரிலும் மடக்கு நங்கூரம் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும், விடாது. அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. சங்கிலியை மேல் வளையத்தில் மாட்டாமல் அடியில், கொக்கிகள் சேருகிற இடத்தில் மாட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து மேல் வளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டால் கட்டிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்க, கட்டு அறுந்து, நங்கூரம் தலைகீழாக வெளியே வரும்.

இப்போது தனி ஆளின் பிரச்சினை. நங்கூரம் அணியத்தில், அதாவது படகின் முன்தலையில்தான் கட்ட வேண்டும். ஆனால் பத்தடிப் படகில் முன்தலைக்கு நடந்துபோய்க் குனிந்து நங்கூரம் இறக்கினால் படகே உங்களோடு குனியும். அதற்குப் பயந்து கைக்கு எட்டுகிற பின்பக்கத்தில் கட்டுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பின்பக்கம் தாழ்வானது, மோட்டாரும் ஆளும் ஏற்கெனவே அதை அமுக்கியிருக்கிறார்கள், கயிறு இழுத்துப் பிடித்திருக்கும்போது இரண்டு அலை வந்தால் தண்ணீர் பின்பலகை தாண்டி உள்ளே வந்துவிடும். நடுவில், விலாப்பக்கம் கட்டினால் படகு கவிழவே கவிழும்.

செய்ய வேண்டியது இதுதான். முன்தலையில் ஒரு சின்னக் கப்பி, நீங்கள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் விளிம்பில் இன்னொரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு முடிவில்லாத மெல்லிய கயிறு, கிணற்று வாளிக் கயிறு மாதிரி ஆனால் படுத்த வாக்கில். அந்தக் கயிற்றில் ஒரு வளையம். உட்கார்ந்தபடியே நங்கூரத்தை இறக்கி, அதன் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, மெல்லிய கயிற்றை இழுத்தால் வளையம் முன்தலைக்குப் போய்விடும், இழுவிசை அங்கே மாறிவிடும். மீதிக் கயிறு உங்கள் பக்கத்தில், ஒரே இழுப்பில் விடுபடுகிற பிடியில் இருக்கட்டும். அவிழ்க்க முடியாத முடிச்சு வேண்டாம், ஒரு கத்தி எப்போதும் கையெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நான் இதை மாட்டுவதற்கு இரண்டு வருடம் சோம்பல்பட்டேன், மாட்டுவதற்கு ஆனது ஒரு மதியம். கயிறு நைலானாக இருந்தால் மூழ்கும், கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறு நேராக ப்ரொப்பெல்லரைத் தேடிப் போகும்.

ஆழம் அதிகம், நங்கூரம் எட்டாது, காற்று தள்ளிக்கொண்டே போகிறது என்றால் தண்ணீருக்குள் விரிகிற குடைத்துணி ஒன்றை முன்தலையிலிருந்து விட்டால் நகர்வு நன்றாகக் குறையும். அகலமான வாளியைக் கட்டிவிட்டாலும் ஓரளவுக்கு வேலை செய்யும்.

மீன் காட்டுகிற கருவியில் மழைக்கோடு

மோட்டாரை அணைத்தால் திரை தெளிவாகிறதா? அப்படியானால் மோட்டாரின் இரைச்சல் மின்சாரத்தின் வழியாக வருகிறது. கருவிக்கென்று 7 ஆம்பியர் மணியில் ஒரு குட்டி பேட்டரி வைத்துப் பாருங்கள், சின்னத் திரை ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும், அரை நாள் தாராளமாக ஓடும். இன்னும் கோடு விழுந்தால் உணரியின் கேபிள் மோட்டார் வயரோடு சேர்ந்து ஓடுகிறது, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும். மோட்டாரை முழுதாகத் திருகும்போது திரை அணைந்து மறுபடி வருகிறது என்றால் அது வோல்டேஜ் சரிவு, அதே குட்டி பேட்டரி அதற்கும் மருந்து. ஓடும்போது மட்டும் ஆழம் மறைகிறது என்றால் உணரியின் முகத்தில் குமிழி ஓடுகிறது, ஒரு விரல் கீழே இறக்கிப் பாருங்கள். அப்புறம், 20 பாகைக் கூம்பில் பார்க்கிற உணரி 6 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கிறது. திரையில் மீன் இல்லை என்றால் ஏரியில் மீன் இல்லை என்று அர்த்தமில்லை.

மீன் கடித்த நேரத்தில் எதுவும் கைக்கு வரவில்லை

வலது கையில் கோல் வளைந்து நிற்கிறது, கைவலை முன்பக்கம் கிடக்கிறது, எழுந்தால் படகு ஆடுகிறது. இதற்குச் சாமான் கூட்டுவது தீர்வல்ல, குறைப்பதுதான். கரையிலேயே படகில் உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தாமல் இரண்டு கையையும் சுற்றி வீசிப் பாருங்கள், கை தொடுகிற வட்டத்துக்குள் வர வேண்டியவை கைவலை, கத்தி, தூண்டில் முள்ளையே வெட்டக்கூடிய கட்டிங் பிளேயர், துடுப்பு, தண்ணீர் இறைக்கிற குவளை, பிரேக்கர். மற்றதெல்லாம் வெளியே. கோல் இரண்டு போதும், மூன்றாவது கோல் கொண்டுபோன அன்று நரம்பு பிரிப்பதிலேயே காலை போனது. கோல் தாங்கிகளை நேர்க்குத்தாக வைக்காமல் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் எறியும்போது உங்கள் முள் உங்கள் இன்னொரு கோலைப் பிடிக்கும்.

நின்று வீசலாம் என்று உயரமான தளமும் சுழல் நாற்காலியும் போடுகிற ஆசை எல்லாருக்கும் வரும். குறுகலான படகில் ஒவ்வொரு விரல் உயரமும் ஆட்டத்தைக் கூட்டும். படகு முன்னை விட ஆடுகிறது என்றால் நீங்கள் கடைசியாக உயர்த்தினதை மறுபடி இறக்குங்கள். மெத்தையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

தண்ணீரில் விழுந்தால் மறுபடி ஏற முடியவில்லை

இதைக் கோளாறாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் தொற்றினால் படகு உங்கள் மேலேயே கவிழும். பின்பக்கம், மோட்டார் அணைந்த பிறகு, அதற்குப் பக்கத்தில்தான் ஏற வேண்டும், அதற்கும் கால் ஊன்ற ஒன்று வேண்டும். உறுதியான வளையத்தில் ஒரு கயிற்றுச் சுருக்கைக் கட்டி, கால் வைக்கிற இடத்தில் ஒரு துண்டு இரும்புக் குழாயைக் கோத்துவிடுங்கள். குழாய் இருந்தால் சுருக்கு விரிந்தே இருக்கும், காலடியில் தட்டுப்படுகிற ஆழத்துக்கு இறங்கியும் நிற்கும். தண்ணீரில் இருந்தபடி எட்டி இழுத்துக் கீழே விடுகிற மாதிரி மடித்து வையுங்கள். ஏறும்போது காலைக் கீழே தொங்கவிடாமல் பின்னே உதைத்து உடம்பை மட்டமாக்கி, வயிற்றால் வழுக்கி உள்ளே வர வேண்டும், நீர்நாய் மாதிரி. சட்டை, லைஃப் ஜாக்கெட், கால்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு கரையோரத்தில் மூன்று தடவை செய்யுங்கள். என் முதல் முயற்சியில் ஜாக்கெட்டின் முன்பக்கப் பை விளிம்பில் மாட்டிக்கொண்டது. அதைக் கரையோரத்தில் தெரிந்துகொண்டது அதிர்ஷ்டம்.

பெட்ரோல் மோட்டாரின் அணைப்புக் கயிறு உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், மோட்டாரில் தொங்கிக்கொண்டிருந்தால் அது அலங்காரம். மோட்டார் நின்றாலும், காற்றில் காலிப் படகு நீங்கள் நீந்துவதை விட வேகமாக விலகும், ஆகவே விழுந்த உடனே முதல் வேலை படகைப் பிடிப்பது. மிகவும் குளிர்ந்த தண்ணீருக்கு 1, 10, 1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சு அடங்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். ஏறுவதற்கு இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். செல்போனும் விசிலும் படகில் அல்ல, உடம்பில். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

படகு கனத்துவிட்டது, கரையேற்ற முடியவில்லை

வயசாகிவிட்டது என்று நினைப்பதற்கு முன் படகை எடைபோடுங்கள், குளியலறைத் தராசை முதலில் மூக்கின் அடியிலும் பிறகு பின்பலகையின் அடியிலும் வைத்து இரண்டையும் கூட்டினால் போதும். வாங்கினபோது இருந்ததை விடக் கூடுதல் என்றால் உட்காரும் பலகைகளின் அடியில் இருக்கிற நுரைத்தக்கை தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு துளை போட்டு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காத மூடிய துளை நுரையை அதே அளவுக்குத் திணிக்க வேண்டும். இடம் கிடைக்கிறதே என்று காலியாக விடாதீர்கள், தண்ணீர் நிறைந்த படகை மிதக்க வைப்பது அதுதான். தரை விரிப்பும் ஈரத்தைக் குடித்துக் கனக்கும், ரப்பர் பாய் போதும்.

சக்கரம் மணலில் புதைகிறது என்றால் சக்கரம் மெல்லியது, அல்லது காற்று அதிகம். அகலமான பலூன் டயரில் காற்றைக் குறைத்தால் அது மணலை அமுக்கிக்கொண்டு மேலேயே போகும். பேட்டரியை முதலில் இறக்கித் தனியாகக் கொண்டுபோங்கள். ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் படகுக்குள் போட்டு இழுத்த அன்றுதான் என் பின்பலகைச் சக்கரத்தின் தாங்கி வளைந்தது, இன்னும் லேசாக இடது பக்கம் இழுத்துக்கொண்டுதான் வருகிறது.